கார்வெட்டுக்கு சைட் பைப்: எந்த அளவு வாங்குவது, எப்படிப் பொருத்துவது?

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கிறேன். 1972 மாடல் செவர்லே கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறேன். 350 கன இன்ச் இன்ஜின், கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. ஹெட்டரும் (சிலிண்டருக்கு ஒன்றாகப் புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுதி), காரின் பக்கவாட்டில் ஓடும் எக்ஸாஸ்ட் குழாயான சைட் பைப்பும் போட ஆசை. குழாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பவர் என்கிறார்கள். உண்மையா? வீட்டிலேயே பொருத்த முடியுமா?

பதில்: உண்மையில்லை. உங்கள் இன்ஜின் 8.5:1 கம்ப்ரெஷனில் (சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் விகிதம்) 200 குதிரைத்திறன் தருவது. அது வெளியே தள்ளும் புகையின் அளவு குறைவு. அந்தப் புகை குழாயில் வேகமாக ஓடினால்தான் பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு போகும். குழாய் பெரிதானால் வேகம் குறையும். சிக்னலில் இருந்து கிளம்பும்போது கார் சோம்பலாக இருக்கும். ஹெட்டரில் சிலிண்டருக்கு ஒன்றாக வரும் குழாய் 1⅝ இன்ச் இருந்தாலே இந்த இன்ஜினுக்குப் பொருத்தம். சைட் பைப்புக்கென்று வரும் ஹெட்டர்களில் அந்த அளவு கிடைக்காவிட்டால் 1¾ வாங்குங்கள். 2 இன்ச்சும் அதற்கு மேலும் பெரிய 454 இன்ஜினுக்கானவை.

அதற்கு முன் ஒன்று யோசியுங்கள். உங்களுக்கு வேண்டியது தோற்றமும் சத்தமும்தான் என்றால் ஹெட்டரே தேவையில்லை. 1965 முதல் 1967 வரையிலும், பிறகு 1969-லும் செவர்லே கம்பெனியே சைட் பைப்பை ஆப்ஷனாகக் கொடுத்தது. இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு அப்படியே இருக்க, குழாய் மட்டும் பக்கவாட்டில் ஓடும். மேலே ஓட்டைகள் வைத்த மூடி. அதே வடிவத்தில் புதிதாகச் செய்த செட்கள் இன்றும் கிடைக்கின்றன. இன்ஜின் அறையில் சூடு குறைவு, கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்க வைக்கும் தகடு) தொல்லையும் குறைவு. வார இறுதியில் மட்டும் எடுத்து ஓட்டும் காருக்கு நான் சொல்வது இதைத்தான்.

இல்லை, ஹெட்டர்தான் வேண்டும் என்றால் ஹெட்டரையும் சைட் பைப்பையும் ஒரே தயாரிப்பாளரிடம் செட்டாக வாங்குங்கள். வேறு வேறு இடத்தில் வாங்கினால் இரண்டும் சேரும் இடம் ஒத்துவராமல் வெல்டிங் கடைக்கு அலைய நேரும். 18 கேஜ் தகட்டை விட 16 கேஜ் தடிமன் அதிகம், நீண்ட நாள் உழைக்கும். குரோம் பளபளப்பு இன்ஜின் பக்கத்தில் சீக்கிரமே நீலம் பாய்ந்துவிடும். உள்ளும் வெளியும் செராமிக் பூச்சு போட்டதற்குக் கூடக் கொடுக்கும் பணம் வீண் போகாது. சாதா இரும்புக் குழாயில் வெப்பத்துணி சுற்றாதீர்கள், ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவேற்றிவிடும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வி8 இன்ஜின் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண்கள் இடது பக்கம், இரட்டைப்படை வலது பக்கம். வரிசையைப் பாருங்கள்: 8-ம் 4-ம் அடுத்தடுத்து வலது பக்கத்திலேயே எரிகின்றன; 5-ம் 7-ம் இடது பக்கத்தில். அதனால் ஒவ்வொரு பக்கமும் துடிப்பு சீராக வராது. வழக்கமான எக்ஸாஸ்டில் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குக் குழாய் வைத்து இதைத் தணிக்கலாம். சைட் பைப்பில் அதற்கு வழியில்லை. ‘லொடக் லொடக்’ என்று இடறும் அந்தக் கர்ஜனைக்குக் காரணம் இதுதான். பலருக்கு அதுதான் பிடிக்கிறது. ஆனால் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகக் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருக்கும். உள்ளே செருகும் சைலன்சர் துண்டைக் கழற்றி மாற்றக்கூடிய செட்டாகப் பாருங்கள். உங்கள் மாநிலத்தில் சாதாரணக் கார்களுக்கு 95 டெசிபல் வரம்பு உண்டு. 1975-ம் அதற்கு முந்தைய மாடல்களும் புகைச் சோதனைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் சத்த விதியிலிருந்து தப்ப முடியாது.

வீட்டில் செய்யலாம், துணைக்கு ஒருவர் இருந்தால். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். நான்கு ஸ்டாண்டு கட்டாயம். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பழைய மேனிஃபோல்டு போல்ட்களுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். அவசரப்பட்டால் போல்ட்டின் தலை முறிந்துவிடும். இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் தளர்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், இல்லாவிட்டால் இன்ஜின் ஆடும்போது குழாய் பாடியில் மோதும். முன் சக்கரத்துக்குப் பின்னால் ஃபெண்டரின் அடிப்பகுதியைக் கொஞ்சம் வெட்ட வேண்டிவரும். அது ஃபைபர்கிளாஸ். டேப் ஒட்டிக் கோடு போட்டு, முதலில் குறைவாக வெட்டிப் பாருங்கள். தூசு நுரையீரலுக்குக் கெடுதல், முகமூடி வேண்டும்.

ஹெட்டர் போல்ட்கள் எல்லாவற்றையும் கையால் கோத்த பிறகே இறுக்க வேண்டும், நடுவிலிருந்து ஓரத்துக்கு. பிளக் ஒயர், பிரேக் குழாய் எதுவும் ஹெட்டரைத் தொடக்கூடாது. ஸ்டார்ட்டர் வலது பக்கம் இருப்பதால் அதற்கு ஒரு வெப்பத்தடுப்பு போடுங்கள். பைப்பின் பின்முனையை ரப்பர் வைத்த பிராக்கெட்டில்தான் தாங்க வேண்டும். இரும்போடு இரும்பாக முடுக்கினால் வெல்டிங் விரிசல் விடும்.

பழைய வலது மேனிஃபோல்டோடு, குளிரில் சூடான புகையை இன்டேக் (காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும்) பக்கம் திருப்பும் வால்வும் போய்விடும். அதனால் சோக் (இன்ஜின் சூடாகும் வரை காற்றைக் குறைக்கும் மூடி) மெதுவாகத் திறக்கும்; அதைச் சரிபார்த்து அட்ஜஸ்ட் செய்து வையுங்கள். கொஞ்சம் ஓட்டிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்னால் பட்பட்டென்று வெடித்தால் முதலில் கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று தேடுங்கள். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு, இன்ஜின் நன்றாக ஆறியதும், போல்ட்களை மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள். அப்புறம், காரில் ஏறி இறங்குகிற எல்லோரிடமும், முக்கியமாகக் குழந்தைகளிடம், காலை எட்டி வைக்கச் சொல்லுங்கள். கெண்டைக்கால் பைப்பில் பட்டால் தோல் வெந்துவிடும்.