பட்டறையில் மைக்ரோ ஆர்க் வெல்டிங் (டங்ஸ்டன் ஊசி முனையில் எழும் மின்பொறியால், அதாவது ஆர்க்கால், நகையைப் புள்ளி புள்ளியாக உருக்கிப் பற்றவைக்கும் மெஷின்): கேள்வி பதில்

காரைக்குடியிலிருந்து: அண்ணே, வெள்ளிக் கொலுசு வளையத்தைப் பற்றவைத்தால் புள்ளி கறுத்துவிடுகிறது, லேசாக இழுத்தாலே விட்டுப்போகிறது. மெஷினில் ஆற்றலை 12 ஜூல் வைக்கிறேன். கூட்டவா?

கூட்ட வேண்டாம் தம்பி. முதலில் தலைக்குமேல் ஓடும் ஃபேனை நிறுத்துங்கள். புள்ளியைக் காற்று படாமல் மூடும் ஆர்கான் வாயு நிமிடத்துக்கு 3 லிட்டர்தான் வருகிறது, அது அந்தக் காற்றில் நிற்காது. உருகிய வெள்ளி ஆக்சிஜனை உறிஞ்சும், இறுகும்போது வெளியே தள்ளும். உள்ளே பொத்தல் விழுவது அதனால்தான். நம்ம ஊர் வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாதென்றால் மேசைக்கு மூன்று பக்கமும் தடுப்பு வையுங்கள். சிலிண்டரையும் பாருங்கள்: இரும்பு வெல்டிங்குக்குக் கொடுக்கும் கார்பன் டை ஆக்சைடு கலந்த கேஸ் உதவாது, 99.99% ஆர்கான் வேண்டும்.

அடுத்தது இடைவெளி. இதில் பொடி (மூட்டில் வைத்து உருக்கி ஒட்டும் கலப்பு உலோகம்) கிடையாது. வளையத்தின் சொந்த உலோகம்தான் உருகிச் சேர வேண்டும். முனைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் இரண்டும் தனித்தனி உருண்டையாகச் சுருண்டு விலகும். எர்த் கொடுத்த கொறடால் அந்த வளையத்தையே பிடியுங்கள். கொலுசின் கடைசியில் கிளிப் மாட்டினால் கரண்ட் எல்லாக் கண்ணி வழியாகவும் போகும். தளர்ந்த இடத்திலெல்லாம் பொறி தட்டிக் குழி விழும்.

தேவகோட்டையிலிருந்து: டங்ஸ்டன் ஊசி பொருளோடு ஒட்டிக்கொள்கிறது.

அழுத்துகிறீர்கள். ஊசி பட்டும் படாமலும் இருந்தால் போதும். பட்டதும் மெஷினே அதைப் பின்னால் இழுத்து ஆர்க்கை உண்டாக்கும். அழுத்தினால் விலகுவதற்குள் உருகல் பிடித்துக்கொள்ளும். ஊசி 5, 6 மில்லிமீட்டர் வெளியே நீண்டால் போதும். சின்ன ஆற்றலுக்குக் கூர் 15 டிகிரி, பெரிய ஆற்றலுக்கு 30. வைரத் தட்டில் தீட்டும்போது கீறல் ஊசியின் நீளவாக்கில் விழட்டும். குறுக்குக் கீறல் இருந்தால் ஆர்க் அலையும். முனையில் வெள்ளி ஒட்டியிருந்தால் அடுத்த புள்ளி எங்கே விழும் என்று சொல்ல முடியாது. உடனே தீட்டிவிடுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி: பழைய கழுத்திருவில் (நகரத்தார் திருமணத் தங்க மாலை) கோத்த உரு ஒன்றில் விரிசல். மெஷினில் பற்றவைத்துத் தருகிறேன் என்கிறார் ஆசாரி. கொடுக்கலாமா?

கொடுக்கலாம் ஆச்சி, ஆனால் விரிசல் எங்கே என்று லென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் தங்கத்தில் என்றால் ஊதுகுழலைவிட இதுதான் நல்லது; சூடு ஒரு மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிடும், பக்கத்து வேலைப்பாடு கெடாது. பழைய பொடி வைத்த மூட்டில் என்றால் ஆர்க் வேண்டாம். பொடியில் துத்தநாகமோ கேட்மியமோ இருந்தால், தங்கம் உருகும் முன்பே அவை கொதித்துவிடும்: கேட்மியம் 767 டிகிரியில், துத்தநாகம் 907-ல். புள்ளி கரியாகத் தெறிக்கும், கேட்மியப் புகை நுரையீரலுக்கு விஷம். அந்த மூட்டுக்குப் பழைய பொடியைச் சுரண்டி எடுத்துவிட்டு, கேட்மியம் இல்லாத புதுப் பொடி வைப்பதே சரி.

உரு உள்கூடாக இருந்தால் அரக்கு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அரக்குப் புகை விரிசல் வழியாக வந்தால் பற்றவே பற்றாது; விரிசலை ஒட்டிய அரக்கை எடுத்த பிறகுதான் தொட வேண்டும். 0.25 மில்லிமீட்டர் கம்பி, உருவின் அதே மாற்றில், 22 காரட் என்றால் 22 காரட்டே. ஆற்றலை முதலில் அதே கனமுள்ள தங்கத் துண்டில் 3 ஜூலில் தொடங்கிப் பார்க்கட்டும். ஒரு புள்ளியின் மூன்றில் இரண்டு பங்கை அடுத்த புள்ளி மூட வேண்டும். கொடுக்கும் முன்னும் வாங்கிய பின்னும் உங்கள் கண்முன் எடை போடச் சொல்லுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து: பித்தளைக் குத்துவிளக்கின் உடைந்த அன்னத்தை இந்த மெஷினில் பற்றவைக்கலாமா?

வேண்டாம். பித்தளையிலேயே துத்தநாகம் இருக்கிறது. வெள்ளிப்பொடி வைத்து ஊதுங்கள்.

புதுவயலிலிருந்து: மெஷினின் மைக்ராஸ்கோப்பில் ஆர்க் வெளிச்சத்தை மறைக்கும் ஷட்டர் இருக்கிறதே, தனியாகக் கண்ணாடி வேண்டுமா?

பார்ப்பவருக்கு ஷட்டர் போதும். பக்கத்தில் நிற்பவருக்கு அது இல்லை; அவர்களுக்கு வெல்டிங் கண்ணாடி கொடுங்கள், இல்லாவிட்டால் வெளியே அனுப்புங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர் இந்த மெஷினில் உட்காரவும் கூடாது, அருகில் நிற்கவும் கூடாது.