சாய்ந்த கூரையில் சமமான மேடை

கேள்வி: ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் 10 டிகிரி சாய்ந்த கூரைமேல் ஏசி யூனிட்டுக்குத் தாங்கு பெட்டி வைத்தால், அதுவும் கூரையோடு சாய்கிறது. எப்படி நிமிர்த்துவது?

பதில்: பெட்டியின் ஃபேமிலியை (ரெவிட்டில் ஒரு பொருளின் மாதிரி வடிவம்) 'ஃபேஸ் பேஸ்டு', அதாவது ஒரு பரப்பில் ஒட்டும் டெம்ப்ளேட்டில் தொடங்கியிருப்பீர்கள். அது ஒட்டிய பரப்பின் சாய்வை அப்படியே வாங்கிக்கொள்ளும். நானும் முதல் முறை இப்படித்தான் செய்தேன். பிரிவுப் படம் (கட்டடத்தை வெட்டிப் பார்க்கும் தோற்றம்) எடுத்தபோதுதான் யூனிட் சாய்ந்திருப்பது தெரிந்தது. அப்படியே கட்டியிருந்தால் வடிநீர் தட்டில் தேங்கியிருக்கும்.

லெவலை (தளத்தின் கிடைமட்டம்) அடிப்படையாகக் கொண்ட ஃபேமிலியாக மாற்றுங்கள். மேல்பக்கம் சமமாகவே இருக்கும், அடிப்பக்கத்தை மட்டும் சரிவாக வரைய வேண்டும். பக்கவாட்டுத் தோற்றத்தில் எக்ஸ்ட்ரூஷன் (வரைந்த வடிவத்தை நீட்டித் திடப்பொருளாக்குவது) போட்டு, இரு ஓரத்து உயரங்களையும் தனித்தனி பாராமீட்டராக (மாற்றக்கூடிய அளவாக) வையுங்கள். கோணத்தை நேரடியாக வரைபடத்தில் பூட்டினால் பல நேரம் உடைந்துபோகும். அதனால் நான் உயர வித்தியாசத்தைச் சூத்திரத்தில் எழுதுவேன்: சரிவு நெடுக உள்ள கிடை நீளம் × டேன்(கோணம்). பெட்டியின் அந்த நீளம் 1200 மி.மீ. என்றால் வித்தியாசம் சுமார் 212 மி.மீ.

உயரத்தை எந்தப் பக்கம் அளப்பது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சரிவின் மேற்பக்கத்தில்தான் பெட்டி மிகக் குட்டை. தண்ணீர் வந்து மோதுவதும் அங்கேதான். அந்தப் பக்கம் கூரைப் பரப்புக்கு மேல் 200 மி.மீ. வையுங்கள், தாழ்ந்த பக்கம் தானாக 412 ஆகும். அப்புறம், பெட்டியின் அடி இன்சுலேஷனில் நிற்காமல் கீழே உள்ள விட்டத்தில் உட்காருகிறதா என்று பிரிவுப் படத்தில் கட்டாயம் பாருங்கள்.