நர்ஸ் வேலையை விட்டுவிட்டு கேபின் க்ரூ ஆகலாமா?

(உள்நாட்டிலும் வளைகுடாத் தடங்களிலும் பதினோரு வருடம் கேபின் க்ரூவாக (விமானப் பணிப்பெண்ணாக) பறந்து, இப்போது புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்துவரும் நம் பத்தி எழுத்தாளர் இந்த இதழில் மூன்று கடிதங்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து நான்கு வருடமாகத் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் இருக்கிறேன். சம்பளம் போதவில்லை, மாதத்தில் பாதி நாள் நைட் ட்யூட்டி, முதுகு வலி வேறு. 2024 அக்டோபரில் திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் கோளாறாகி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்றிக்கொண்டிருந்ததே, அன்றைக்கு நாங்கள் எல்லோரும் போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்திரமாக இறங்கியதும் எனக்கு அந்தப் பணிப்பெண்கள் நினைப்புதான் வந்தது. உள்ளே அவர்கள் என்ன செய்துகொண்டிருந்திருப்பார்கள்? அன்றிலிருந்து இந்த வேலைக்குப் போகவேண்டும் என்று ஒரே எண்ணம். வீட்டிலோ "படித்த படிப்பை விட்டுவிட்டு ஊருக்கெல்லாம் டீ கொடுக்கப் போகிறாயா" என்கிறார்கள். போகலாமா? – தஞ்சாவூர் வாசகி

பதில்: முதலில் அந்த "உள்ளே என்ன செய்துகொண்டிருந்திருப்பார்கள்" என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த வேலைக்கு வர ஆசைப்படுகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைக் கேட்பதே இல்லை. என்னிடம் வரும் கடிதங்களில் ஊர் சுற்றலாமா, மேக்கப் எப்படி, புடவையா ஸ்கர்ட்டா என்றுதான் இருக்கும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்த விமானத்தில் 140 பேருக்கு மேல் இருந்தார்கள். ஹைட்ராலிக் கோளாறு, எடையைக் குறைக்க எரிபொருளை எரித்தாக வேண்டும், அதனால்தான் அத்தனை சுற்று. நான் அதில் இல்லை, அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஒரு நேரத்தில் என்ன செய்ய எங்களைப் பழக்கியிருக்கிறார்கள் என்று சொல்கிறேன். அடுத்த முறை விமானத்தில் போனால், கிளம்பும்போது கதவுப் பக்கம் மடக்கு இருக்கையில் (ஜம்ப் சீட் என்போம்) உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பாருங்கள். முதுகு நேராக, தலை பின்னால் ஒட்டி, இரண்டு கைகளும் தொடைக்கு அடியில் இருக்கும். சும்மா எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பது போலத் தெரியும். அந்த நேரத்தில் அவள் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பது இதைத்தான்: இப்போது தீப்பிடித்தால் என் கதவுக்கு வெளியே முதலில் எதைப் பார்க்கவேண்டும், கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பும், பயணிகள் வழுக்கி இறங்கும் அவசரச் சறுக்கு விரியாவிட்டால் எதை இழுப்பது, என்ன வார்த்தை சொல்லிக் கத்துவது, பதினான்காவது வரிசையில் ஊன்றுகோலோடு இருக்கிற பாட்டிக்கு உதவ யாரைக் கூப்பிடுவது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் இறங்கும்போதும் இதைச் செய்வோம். ஒரு நாளைக்கு நான்கு விமானம் என்றால் எட்டு முறை. பதினோரு வருடத்தில் நான் ஒருமுறைகூட அந்தக் கதவை அவசரத்துக்குத் திறந்ததில்லை, ஆனாலும் ஒருமுறைகூட இதை விட்டதில்லை.

நீங்கள் ஷிஃப்ட் மாறும்போது க்ராஷ் கார்ட்டை (அவசர மருந்து வண்டியை) திறந்து அட்ரினலின் இருக்கிறதா, தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவீர்கள் இல்லையா? நாங்கள் பயணிகள் ஏறுவதற்கு முன்னால் ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தம் சரியா, தீயணைப்பானின் சீல் உடையாமல் இருக்கிறதா, டார்ச் எரிகிறதா என்று பார்ப்போம். இரண்டும் ஒரே புத்தி. அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் படிப்பை விட்டுவிட்டு வேறு எங்கோ போகவில்லை.

வீட்டில் "டீ கொடுக்கவா" என்று கேட்டால் இதையும் சொல்லுங்கள். உலகத்தில் முதல் விமானப் பணிப்பெண்ணே ஒரு நர்ஸ்தான். எலன் சர்ச் என்று அமெரிக்கப் பெண்மணி. விமானம் ஓட்டத் தெரிந்தவர், பைலட் வேலை கேட்டுப் போனார், பெண் என்பதால் கிடைக்கவில்லை. சரி, நர்ஸ்களை விமானத்தில் வையுங்கள், பயணிகளுக்குப் பயம் குறையும் என்று அவரே யோசனை சொல்லி, 1930 மே 15 அன்று முதல் விமானத்தில் ஏறினார். அவரோடு சேர்த்து எட்டுப் பேரை எடுத்தார்கள், எட்டுப் பேரும் நர்ஸ்கள். இரண்டாம் உலகப் போரில் நர்ஸ்கள் எல்லாம் ராணுவத்துக்குப் போகும்வரை அமெரிக்காவில் இந்த வேலைக்கு நர்சிங் படிப்பு கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

இன்னும் ஒன்று. 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா விமான நிலையம். தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. காவல்படை விமானத்தில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். ஆனால் பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். எட்டுக் கதவுகளில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது, அறிவிப்பு செய்யும் மைக் வேலை செய்யவில்லை, மெகாஃபோனையும் தொண்டையையும் வைத்தே அத்தனை பேரையும் இறக்கினார்கள். டீ கொடுப்பதும் எங்கள் வேலைதான், அதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் 50 இருக்கைக்கு ஒரு க்ரூ என்று சட்டம் போட்டு எங்களை ஏற்றுவது டீக்காக இல்லை.

அப்புறம், உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த பகுதி. நைட் ட்யூட்டி தாங்கவில்லை, முதுகு வலி என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்து தப்பிக்க இங்கே வருவதாக இருந்தால் தயவுசெய்து வராதீர்கள். நைட் ட்யூட்டியாவது ஏழு மணிக்கு ஆரம்பம் என்று தெரியும். இங்கே ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு விமானம், அதற்கு இரண்டு மணிக்கே வண்டி வாசலில் நிற்கும், அதற்கு முன்னால் கொண்டை போட்டு மேக்கப் முடித்திருக்கவேண்டும், அடுத்த இரண்டு நாளில் இரவு பதினொரு மணிக்கு ஆரம்பித்து மறுநாள் காலையில் முடியும். ஸ்டாண்ட்-பை என்று ஒன்று உண்டு, எப்போது கூப்பிட்டாலும் கிளம்பவேண்டும், சீருடை இஸ்திரி போட்டுத் தயாராக, பெட்டி கட்டி, குளிக்கப் போனால்கூட போனைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகவேண்டும். தீபாவளி, பொங்கல், அண்ணன் கல்யாணம் எதுவும் ரோஸ்டருக்கு (பணி அட்டவணைக்கு) தெரியாது. முதுகைப் பற்றிச் சொன்னால், நிறைத்த தள்ளுவண்டியைத் தள்ளுவது கொஞ்சம் மேட்டில் தள்ளுவது போலத்தான், விமானம் பறக்கும்போது மூக்கு லேசாகத் தூக்கியே இருக்கும். உள்ளே இருக்கிற காற்றழுத்தம் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பது போல, அதாவது கிட்டத்தட்ட ஊட்டியில் நின்றுகொண்டு நாள் முழுக்க வேலை செய்கிறீர்கள், அதுவும் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கிற காற்றில். சளி பிடித்த நிலையில் பறந்தால் காது ஜவ்வு கிழியக்கூடும், எனக்கு இடது காது அப்படித்தான் ஒருமுறை போய் ஆறு வாரம் பறக்காமல் இருந்தேன். ஆகவே விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் முதுகை ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவத் தகுதித் தேர்வில் வெளியே வரட்டும் என்று விடாதீர்கள்.

சம்பளம். இந்திய நிறுவனங்களில் அடிப்படை ஒரு பகுதி, பறந்த மணிக்கு இவ்வளவு என்று இன்னொரு பகுதி. பறந்தால்தான் அந்த இரண்டாவது பகுதி. உடம்பு சரியில்லை என்றால் குறையும், விமானங்கள் குறைந்தால் குறையும். 2020 மார்ச் 25 முதல் மே 24 வரை நாட்டில் உள்நாட்டு விமானமே பறக்கவில்லை, அந்த இரண்டு மாதம் எங்களில் பலர் வீட்டு வாடகைக்கு என்ன செய்தோம் என்று எழுத மனம் வரவில்லை. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. மருத்துவமனைகள் அப்படி ஒரே நாளில் நிற்பதில்லை. பணம் மட்டும்தான் உங்கள் காரணம் என்றால், நர்ஸாகவே வெளிநாடு போகிற வழி இதைவிடத் திடமானது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வளைகுடாவுக்கும் ஜெர்மனிக்கும் நர்ஸ்களை அனுப்புகிறது, அங்கே ஒரு நடை போய் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இதையெல்லாம் படித்த பிறகும் ஆசை அப்படியே இருந்தால், போங்கள். உடனே முயற்சி செய்யுங்கள். ஏர் இந்தியா, இண்டிகோ போன்றவை புதியவர்களை எடுக்கும்போது பெரும்பாலும் 27 வயதுதான் உச்சவரம்பு, பெண்களுக்கு உயரம் குறைந்தது 155 செ.மீ. எமிரேட்ஸில் குறைந்தபட்சம் 21 வயது, 160 செ.மீ. உயரம், நுனிக்காலில் நின்று கையை உயர்த்தினால் 212 செ.மீ. தொடவேண்டும். உயரத்தில் வைத்திருக்கிற அவசரச் சாமான்களை எடுக்கமுடிகிறதா என்று பார்க்கத்தான் அது. இன்று இரவே சுவரில் ஒரு கோடு போட்டுத் தொட்டுப் பாருங்கள். எடைக்கும் கணக்கு உண்டு.

வேலையை இப்போது விடாதீர்கள். லீவு போட்டு வாக்-இன் தேர்வுகளுக்குப் போய்வாருங்கள், முதல் மூன்று முறை தோற்பது சாதாரணம். தேர்வாகி, மருத்துவமும் முடிந்து, சேரும் தேதி எழுத்தில் கையில் வந்தபிறகு ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் போதும். நர்சிங் கவுன்சில் பதிவை மட்டும் எந்தக் காலத்திலும் காலாவதியாக விடாதீர்கள், அது உங்களுக்குத் திரும்பிவரும் பாதை.

நேர்முகத்தில் "மக்களுக்குச் சேவை செய்யப் பிடிக்கும்" என்று எல்லோரும்தான் சொல்வார்கள். நீங்கள் ஐ.சி.யூ.வில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள், கத்திக்கொண்டிருந்த ஒரு உறவினரை எப்படி உட்கார வைத்தீர்கள் என்று. என் கூடப் பறந்த ஒரு பெண்ணும் முன்னாள் நர்ஸ்தான். வளைகுடாவிலிருந்து வரும்போது ஒரு அண்ணன் நடைபாதையில் சரிந்து விழுந்தார். எங்களுக்கும் முதலுதவிப் பயிற்சி உண்டு, ஆனால் எனக்குக் கை உதறியது. அவள் தரையில் உட்கார்ந்து அவர் காலைத் தன் தோள்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, நாடியைப் பிடித்தபடி, "அண்ணே, காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள். ஒன்றும் சாப்பிடவில்லை. ஐந்து வருடம் கழித்து ஊருக்கு வருகிறார், சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லையாம். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து ஜூஸ் குடித்தார். அன்றைக்கு அந்த விமானத்தில் அவள் எனக்கு ஜூனியர். இறங்குகிறவரை நான்தான் அவளிடம் கேட்டுக் கேட்டுச் செய்தேன்.

கேள்வி: 31 வயது ஆண், வங்கியில் இருக்கிறேன். ஆண்களை எடுப்பார்களா? நேரம் கடந்துவிட்டதா? – சேலம் வாசகர்

பதில்: எடுக்கிறார்கள், எல்லா நிறுவனங்களும் இல்லை. இந்தியாவில் புதியவர்களுக்கான வாசல் உங்கள் வயதுக்குப் பெரும்பாலும் மூடிவிட்டது, அதை மறைத்துச் சொல்லிப் பயனில்லை. எமிரேட்ஸ் போன்ற நிறுவனங்கள் ஆண்களையும் எடுக்கின்றன, குறைந்தபட்ச வயதைத்தான் சொல்கின்றன. வாடிக்கையாளர்களை நேரில் கையாண்ட ஒரு வருட அனுபவம் கேட்பார்கள், வங்கிக் கவுன்ட்டரில் நின்றவருக்கு அது இருக்கிறது. சட்டைக்கு வெளியே தெரிகிற இடத்தில் பச்சை குத்தியிருந்தால் அது பிரச்சினை. குடும்பம் இருந்தால் ஒன்றை யோசியுங்கள்: ஆரம்பத்தில் நிறுவனம் தருவது பகிர்ந்துகொள்ளும் வீடு, மனைவி பிள்ளைகளோடு இருக்க முடியாது.

கேள்வி: மகள் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். ஏர் ஹோஸ்டஸ் பயிற்சி நிலையம் ஒன்றில் ஒன்றரை லட்சம் கட்டினால் "நூறு சதவீதம் வேலை" என்கிறார்கள். நகையை வைத்துக் கட்டலாமா? கல்யாணம் ஆனால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களாமே? – விருதுநகர் அம்மா

பதில்: நகையை வைக்காதீங்கம்மா. எந்தப் பயிற்சி நிலையமும் எந்த விமான நிறுவனத்தின் வேலையையும் உறுதி சொல்ல முடியாது. தேர்வு செய்வதும், கதவு, தீ, தண்ணீர், முதலுதவி என்று மாதக்கணக்கில் பழக்கித் தேர்வு வைப்பதும் விமான நிறுவனமேதான். நிலையத்தில் படித்திருந்தாலும் அதை முதலிலிருந்து படித்தாக வேண்டும். நேர்முகத்துக்கு நடை உடை பழக உதவலாம், அதற்கு ஒன்றரை லட்சம் அதிகம். "சீருடைக்கு டெபாசிட்", "மெடிக்கல் கட்டணம்" என்று யாராவது போனில் கூப்பிட்டு ஜி-பே பண்ணச் சொன்னால் ஏமாற்று வேலை, பேசாமல் வைத்துவிடுங்கள். வேலைக்கு எடுக்க விமான நிறுவனங்கள் பணம் வாங்குவதில்லை.

கல்யாணம் பற்றிய பயம் பழைய காலத்து விதியிலிருந்து வருகிறது. ஏர் இந்தியாவில் சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும், முதல் முறை கர்ப்பமானாலே போகும், இல்லாவிட்டாலும் 35 வயதில் ஓய்வு என்று வைத்திருந்தார்கள். நர்கேஷ் மீர்சா என்ற பணிப்பெண் வழக்குக்குப் போனார். 1981-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கர்ப்ப விதியைத் தூக்கி எறிந்தது. இன்று கர்ப்பம் உறுதியானதும் பறப்பதை மட்டும்தான் நிறுத்திவைப்பார்கள், 2017-இலிருந்து சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. என் மகள் பிறந்த பிறகும் நான் நான்கு வருடம் பறந்தேன்.

அந்தப் பணத்தில் ஒரு பட்டப்படிப்பில் சேருங்கள், 21 வயதில் வளைகுடா நிறுவனங்களுக்கும் போட்டுப் பார்க்கலாம். ஆங்கிலம் தினமும் வாய்விட்டுப் பேசட்டும், இந்தியும் தெரிந்தால் நல்லது. அப்புறம் நீச்சல். பயிற்சியில் லைஃப் ஜாக்கெட் போட்டு நீச்சல் குளத்தில் இறங்கி மிதவையில் ஏறவேண்டும். நம் ஊர்ப் பெண் பிள்ளைகள் அங்கே வந்துதான் முதல் முறை தண்ணீரைப் பார்த்து நடுங்குகிறார்கள். உங்கள் பக்கம் கிணறு வற்றாமல் இருந்தால் அவள் மாமாவையோ சித்தப்பாவையோ கூட்டிக்கொண்டு போய் இந்தக் கோடையிலேயே பழக்கிவிடுங்கள்.