அமெரிக்கா நடத்திய போர்களையும் தலையீடுகளையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், அது உலகுக்கு நன்மை செய்த நாடா, தீமை செய்த நாடா?

இந்தக் கேள்வியில் என்னை உறுத்துவது 'கூட்டிக் கழித்து' என்ற இரண்டு சொற்கள்தான். முப்பத்தைந்து வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் தொழில் பழகிய முதல் வருடம், ஒரு வியாபாரி எங்களுக்குத் தர வேண்டிய பாக்கியும் இன்னொருவருக்கு நாங்கள் தர வேண்டிய பாக்கியும் ஏறக்குறைய ஒரே தொகையாக இருந்தன. ஒன்றை ஒன்றில் கழித்து இரண்டு பக்கங்களையும் மூடிவிட்டேன். வேலையைச் சுருக்கிவிட்டதாக உள்ளுக்குள் பெருமை வேறு. மூத்த கணக்கப்பிள்ளை பேரேட்டை என் முன்னால் தள்ளி, "இந்த இரண்டு பேரும் ஒரே ஆளா?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலை முழுவதும் அடித்ததைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன்.

என் தம்பி மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். போன முறை ஊருக்கு வந்தபோது அவனும் இதே கேள்வியைத்தான் வேறு விதமாகப் போட்டான். "பெரியப்பா, தப்பு செய்யாத வல்லரசு எது? மொத்தமாகப் பாருங்கள், அமெரிக்காவுடையது லாபக் கணக்குதான்" என்றான். அவன் முதலில் எடுத்து வைத்த வரவு பெர்லின். நல்ல வரவுதான், மறுக்கவில்லை.

1948 ஜூனில் மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், கால்வாய் எல்லாவற்றையும் சோவியத் படைகள் அடைத்தன. 20 லட்சம் பேர் உள்ளே. அமெரிக்காவும் பிரிட்டனும் ஆகாயத்தில் வழி போட்டன. 1949 செப்டம்பர் வரை சுமார் 2,77,000 முறை பறந்து 23 லட்சம் டன் சரக்கை இறக்கினார்கள். அதில் பெரும்பங்கு நிலக்கரி. மீதி மாவு, பால் பவுடர், மருந்து. கெயில் ஹால்வர்சன் என்ற விமானி, கைக்குட்டைகளைக் குட்டிப் பாராசூட்டாகக் கட்டி அவற்றில் சாக்லேட் தொங்கவிட்டுப் போட்டார். வருவது தன் விமானம்தான் என்று பிள்ளைகளுக்குத் தெரிவதற்காக இறக்கைகளை இப்படியும் அப்படியும் ஆட்டுவாராம். மூன்றே வருடம் முன்பு அதே வானத்திலிருந்து அதே நகரத்தின் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால், அந்தக் கைக்குட்டை சாதாரணப் பொருள் இல்லை.

இனி பேரேட்டின் இன்னொரு பக்கம். லாவோஸ், 1964 முதல் 1973 வரை. அமெரிக்க விமானங்கள் 5,80,000 முறை குண்டு வீசப் பறந்தன. போட்ட குண்டுகள் 20 லட்சம் டன்னுக்கு மேல். எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானம் வீதம், இரவு பகல் பாராமல் ஒன்பது வருடம். அன்று அந்த நாட்டின் மக்கள்தொகை 30 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. டன் கணக்கில் பார்த்தால் பெர்லினில் இறக்கியதும் லாவோஸில் இறக்கியதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். என் தம்பி மகனிடம் இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிக் காட்டினேன். "இப்போது கழி" என்றேன்.

2018-இல் நான் அங்கே போயிருந்தேன். ஓய்வுபெற்ற நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து போன பயணம். மற்றவர்கள் லுவாங் பிரபாங் கோயில்களைப் பார்க்க நின்றுவிட்டார்கள். நான் மட்டும் ஃபோன்சவானுக்கு பஸ் ஏறினேன். கல் ஜாடிச் சமவெளி என்று சொல்கிறார்களே, அந்த ஊர். தங்கிய விடுதியின் வாசலில் ஆளுயரக் குண்டுக் கூடு ஒன்றை இரண்டாகப் பிளந்து, மண் நிரப்பி, வெங்காயத் தாள் வளர்த்திருந்தார்கள். ஜாடிகளைப் பார்க்கப் போகும் பாதையில் தரையோடு தரையாகச் சின்னச் சின்னக் கற்கள் பதித்திருக்கிறார்கள். பாதி வெள்ளை, பாதி சிவப்பு. வெள்ளைப் பக்கம் வெடிக்காத குண்டு இருக்கிறதா என்று துடைத்துத் தேடிய நிலம், நடக்கலாம். சிவப்புப் பக்கத்தை யாரும் இன்னும் முழுதாகத் தேடவில்லை. வழிகாட்டி கால் வைத்த இடத்திலேயே நானும் கால் வைத்து நடந்தேன். அறுபது வயதில் அப்படிக் கீழே பார்த்துக்கொண்டே நடந்தது அதுதான் முதல் தடவை.

அங்கே மக்கள் வாயில் வருகிற சொல் 'பொம்பி'. கொத்துக் குண்டு ஒன்று நடுவானில் திறந்தால் உள்ளிருந்து நூற்றுக்கணக்கில் சிதறும் சிறு குண்டுகளுக்கு அந்தப் பெயர். டென்னிஸ் பந்து அளவு இருக்கும். லாவோஸ் மேல் விழுந்த பொம்பிகள் 27 கோடிக்கு மேல். அவற்றில் சுமார் 8 கோடி வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன. போர் முடிந்த பிறகு மட்டும் ஏறத்தாழ 20,000 பேர் இவற்றால் செத்திருக்கிறார்கள் அல்லது ஊனமாகியிருக்கிறார்கள். வயலை உழும்போது, மூங்கில் குருத்துத் தோண்டும்போது, குளிருக்கு அடுப்பு மூட்டும்போது அடியில் கிடந்தது வெடித்துவிடுகிறது. பந்து என்று நினைத்து எடுக்கும் குழந்தைகளும் உண்டு. வானத்திலிருந்து சாக்லேட் கிடைத்த பெர்லின் பிள்ளையும் மண்ணிலிருந்து பந்து கிடைத்த, ஃபோன்சவான் இருக்கும் சியங் குவாங் மாகாணத்துப் பிள்ளையும் ஒரே ஆளா?

நோக்கத்தைப் பார்க்க வேண்டாமா என்று கேட்பீர்கள். என் தம்பி மகனும் கேட்டான். பார்க்கலாம். 1962 ஜெனீவா ஒப்பந்தப்படி லாவோஸ் நடுநிலை நாடு. அதை முதலில் மதிக்காதவர்களில், அன்று அமெரிக்கா எதிர்த்துப் போரிட்ட வடக்கு வியட்நாமும் உண்டு; அதன் படைகள் லாவோஸ் மண்ணிலேயே இருந்தன, தெற்கே ஆயுதம் கொண்டுபோகும் காட்டுப்பாதையும் அந்த வழியாகத்தான் ஓடியது. அதை அறுக்க வேண்டும் என்பது ஒரு ராணுவக் காரணம். ஆனால் 1968 நவம்பரில் வடக்கு வியட்நாம் மேல் குண்டுவீச்சை நிறுத்தியதும் அந்த விமானங்கள் லாவோஸ் பக்கம் திரும்பின. ஏன் என்று மறு வருடம் செனட் துணைக்குழு விசாரித்தபோது, அமெரிக்கத் தூதரக அதிகாரி ஒருவர் சொன்னதன் சாரம்: இத்தனை விமானங்கள் சும்மா நின்றுகொண்டிருந்தன, வேலை கொடுக்காமல் எப்படி வைத்திருப்பது? போதாததற்கு, வியட்நாமில் இலக்கு கிடைக்காத விமானங்கள் தாய்லாந்துத் தளங்களுக்குத் திரும்பும் வழியில் மிச்சக் குண்டுகளை லாவோஸ் மேல் உதறிவிட்டும் போயின. குண்டோடு தரையிறங்குவது ஆபத்தாம். இதில் நோக்கத்தை எங்கே தேடுவது? வெறுப்புகூட இல்லை. குப்பை கொட்டுகிறவனுக்குக் குப்பைமேட்டின் மேல் என்ன வெறுப்பு இருக்க முடியும்?

என் மனதுக்குப் படுவது ஒன்று. பெர்லினில் செய்ததை உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. லாவோஸில் செய்தது சொந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கே பல வருடம் மறைக்கப்பட்டது. பார்க்கிற கண் இருக்கும் இடத்தில் வல்லரசு ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லிவிட ஆசைதான். விதியாக்க முடியவில்லை. வியட்நாம் போர் ஒவ்வொரு இரவும் அமெரிக்க வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியில் ஓடியது, வருடக்கணக்கில் ஓடியது.

சரி, ஒரே மனிதனின் ஒரே நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 2003 ஜனவரி 28, ஜார்ஜ் புஷ் நாடாளுமன்றத்தில் நிகழ்த்திய உரை. ஆப்பிரிக்காவிலும் கரீபியனிலும் எய்ட்ஸ் நோயை எதிர்க்க ஐந்து வருடத்தில் 1,500 கோடி டாலர் கேட்டார். அந்தத் திட்டம் நடந்தது. லட்சோப லட்சம் பேர் மாத்திரை கிடைத்து உயிரோடு இருக்கிறார்கள். மனிதகுலம் செய்த பெரிய காரியங்களில் ஒன்று என்றே அதைச் சொல்வேன். அதே உரையில்தான், சதாம் உசேன் ஆப்பிரிக்காவில் யுரேனியம் வாங்க முயன்றதாக பிரிட்டன் அறிந்திருக்கிறது என்றும் சொன்னார். மார்ச்சில் ஈராக் போர் தொடங்கியது. அந்த வரி உரையில் இருந்திருக்கக் கூடாது என்று ஜூலையில் வெள்ளை மாளிகையே ஒப்புக்கொண்டது. ஒரே உரை, ஒரே வாய், இரண்டிலும் ஆப்பிரிக்கா. மாத்திரையால் பிழைத்த ஆப்பிரிக்கத் தாயிடம் போய், பாக்தாதில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்காக எவ்வளவு கழித்துக்கொள்வாய் என்று கேட்க முடியுமா?

வரவுப் பக்கத்தில் இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. 1968 மார்ச் 16, வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்க வீரர்கள் ஊரையே கொன்றார்கள். அமெரிக்க ராணுவத்தின் எண்ணிக்கை 347; அங்குள்ள நினைவிடத்தின் எண்ணிக்கை 504. மேலே பறந்துகொண்டிருந்த ஹெலிகாப்டர் விமானி ஹியூ தாம்சன், சுடுகிறவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் வண்டியை இறக்கினார். நம் ஆட்களே இந்த மக்களைச் சுட்டால் நம் ஆட்களைச் சுடு என்று தன் துப்பாக்கி வீரரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். "இதுவும் அமெரிக்காதானே" என்றான் என் தம்பி மகன். அந்த அமெரிக்கா அவரை எப்படி நடத்தியது? ஊர் திரும்பியவருக்குக் கொலை மிரட்டல் வந்தது. அதற்கு உரிய பதக்கம் வர முப்பது வருடம் ஆனது, 1998-இல். அந்தப் படுகொலைக்காகத் தண்டிக்கப்பட்ட ஒரே ஆள் வில்லியம் கேலி. ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு, அனுபவித்தது சுமார் மூன்றரை வருடம், அதிலும் பெரும்பகுதி வீட்டுக்காவல். தாம்சன் செய்தது தாம்சன் பெயரில் வரவு. முதலாளி அதைத் தன் பக்கத்தில் எழுதிக்கொள்வது எங்கள் தொழிலில் மோசடி.

ரஷ்யாவைப் பார் என்பது அடுத்த வாதம். சோவியத் படைகள் புகுந்த 1956 புடாபெஸ்ட், 1968 பிராக், 1979 ஆப்கானிஸ்தான். எதையும் மன்னிக்கச் சொல்லவில்லை. ஆப்கானிஸ்தானிலிருந்து படைகள் வெளியேற வேண்டும் என்று 1980 ஜனவரியில் ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்பு வந்தபோது, நடுநிலை பேசும் நம் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் எதிர்க்கடைக்காரன் கடன்காரன் என்பதால் என் கடன் குறையுமா?

ஆகவே நன்மையா தீமையா என்று ஒற்றை இருப்புத் தொகை என்னிடம் இல்லை. இருப்பதாகச் சொல்கிறவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அவர் கூட்டலை நான் நம்ப மாட்டேன். பக்கம் பக்கமாகக் கேளுங்கள், பதில் சொல்கிறேன். லாவோஸ் பக்கத்தில் கடன் நிற்கிறது. கடன்காரர் அதை ஒப்புக்கொண்டும் இருக்கிறார். 2016 செப்டம்பரில் ஒபாமா அங்கே போனார், பதவியிலிருக்கும் அதிபர் ஒருவர் போனது அதுவே முதல் தடவை. மன்னிப்புக் கேட்கவில்லை, லாவோஸ் தேறிவர உதவுவது தங்கள் தார்மீகக் கடமை என்றார், குண்டு அகற்ற மூன்று வருடத்துக்கு 9 கோடி டாலர் தருவதாகவும் சொன்னார். காலாவதியாகும் முன்பு, 'இவ்வளவு தர வேண்டியிருக்கிறது' என்று கடன்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் கெடு புதிதாகத் தொடங்கும் என்பது நம் ஊர்ச் சட்டம். அந்தக் கணக்கில் அதை மதிக்கிறேன். 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவிகளை அமெரிக்கா நிறுத்திவைத்தபோது, குண்டு அகற்றும் பணிகளுக்கும் சேர்த்தே நிறுத்த உத்தரவு போனது. சிவப்புப் பக்கத்து நிலத்துக்கு அது எப்படித் தெரியும்?

ஃபோன்சவான் பக்கத்தில் நாப்பியா என்று ஒரு கிராமம். விமானத் துண்டுகளையும் குண்டுகளின் அலுமினியத்தையும் உருக்கி, மரச் சட்டத்துக்குள் சாம்பல் அச்சில் ஊற்றிக் கரண்டி செய்கிறார்கள். பத்தாயிரம் கிப், அப்போது நம் பணத்தில் எண்பது ரூபாய் வந்தது, அதற்கு ஒன்று வீதம் இரண்டு வாங்கி வந்தேன். ஒன்று எங்கள் வீட்டுச் சர்க்கரை டப்பாவில் கிடக்கிறது. தம்பி மகன் அதில்தான் காபிக்குச் சர்க்கரை போட்டான், எடையே இல்லையே என்றான். கதையைச் சொன்னதும் மற்றதைத் தனக்குக் கேட்டான். பெட்டி கட்டும்போது, சுங்கத்தில் எந்த நாட்டுப் பொருள் என்று கேட்டால் என்ன சொல்வது என்றான்.

"செய்தது லாவோஸ், மூலப்பொருள் உங்கள் ஊர் என்று எழுது" என்றேன்.