பார்த்துவிட்டான், அப்புறம்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

டிஸானர்ட் வீடியோ கேமின் முதல் பாகத்தைப் போன வாரம்தான் முடித்தேன். ஒருவரையும் கொல்லவில்லை, ஒருவர் கண்ணிலும் படவில்லை. கோஸ்ட், க்ளீன் ஹேண்ட்ஸ் இரண்டு அச்சீவ்மென்டும் கிடைத்தன. ஆனால் முடித்தபோது அப்பாடா என்றிருந்ததே தவிர, சந்தோஷம் என்று ஒன்றும் இல்லை. யாராவது பார்த்துவிட்டால் உடனே முன்பு சேவ் செய்த இடத்திலிருந்து லோடு, திரும்பவும் அதே இடம், இப்படியே போனது.

மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படித்ததில் குழப்பம்தான் மிஞ்சியது. கொல்லாமல் ஆடுவதுதான் முறை, வெட்டிக்கொண்டே போகிறவனுக்கு ஸ்டெல்த், அதாவது மறைந்து ஆடுவது, என்றால் என்னவென்றே தெரியாது என்கிறார்கள் ஒரு சாரார். கத்தி, துப்பாக்கி, எலிக்கூட்டம் என்று எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிட்டு, பயன்படுத்தினால் கெட்ட முடிவைக் காட்டித் தண்டிப்பது ஏமாற்று வேலை என்கிறார்கள் இன்னொரு சாரார். நீங்களோ இதைத் தலைசிறந்த ஸ்டெல்த் கேம்களில் ஒன்று என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மட்டும் ஏன் அப்படித் தோன்றவில்லை? இரண்டாம் பாகத்தை வாங்கலாமா, வேண்டாமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

கதையின் கடைசிக்கட்டம்வரை தொடாமல் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே இன்னும் ஆடாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தில் கொல்வது, கொல்லாதது பற்றி நிறைய இருக்கிறது, லோடு பற்றி ஒரே ஒரு வரி. எனக்கென்னவோ சிக்கல் அந்த ஒரு வரியில்தான் இருப்பதாகப் படுகிறது. 2012இல் இந்த கேம் வந்ததிலிருந்து நீங்கள் சொன்ன இரண்டு கட்சிகளும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் உட்கார்ந்து ஆடும்போது பார்த்தால் இரண்டு பேருக்கும் அதே பழக்கம்தான். ஐந்தடிக்கு ஒருமுறை சேவ், நினைத்தபடி நடக்காவிட்டால் லோடு. இவர் மயக்கம் சரியாகப் போகவில்லை என்று லோடு போடுகிறார், அவர் வெட்டு அழகாக விழவில்லை என்று லோடு போடுகிறார். இந்த கேம் உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பதை, காவலன் உங்களைப் பார்த்துவிட்ட பிறகு வரும் பத்து விநாடியில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் முடிவு செய்கிறது என்பது என் கட்சி.

ஏன் என்று சொல்கிறேன். இந்த கேமைச் செய்த ஆர்கேன் ஸ்டுடியோவின் உழைப்பில் பாதி அந்தப் பத்து விநாடிக்குள்தான் இருக்கிறது. காவலன் துப்பாக்கியைத் தூக்குகிறான், சுட்டுவிட்டான். அந்த நேரத்தில் பெண்ட் டைம் போட்டுக் காலத்தை நிறுத்துகிறீர்கள். குண்டு அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. பொசெஷன் பவரால் சுட்டவனுடைய உடம்புக்குள்ளேயே புகுந்து, அவனை நடத்திக்கொண்டுபோய் அவன் சுட்ட குண்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு வெளியே வருகிறீர்கள். காலம் திரும்ப ஓடுகிறது. மிச்சத்தைச் சொல்லவேண்டியதில்லை. இப்படி ஒரு காட்சியைக் கதாசிரியர் எழுதி வைக்கவில்லை, தனித்தனியாகச் செய்து வைத்த இரண்டு பவர்கள் உங்கள் கையில் சேர்ந்து நடக்கிற காரியம் இது. இது நடக்கவேண்டுமென்றால் அவன் முதலில் உங்களைப் பார்த்தாக வேண்டும்! நீங்களோ அவன் பார்த்த நொடியில் லோடு போட்டுவிட்டீர்கள்.

சரி, அதில் ஒருவன் செத்துப்போகிறான், நான் கொல்ல மாட்டேன் என்பீர்கள். அப்படியென்றால் கேம்ப்பெல் இருக்கும் மிஷனை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குறியான மதத்தலைவன் ஹை ஓவர்ஸீயர் கேம்ப்பெல், காவல்படை கேப்டன் கர்னோவை அழைத்து விஷம் கலந்த ஒயினைக் கொடுக்கப் பார்க்கிறான். நீங்கள் முன்னாலேயே போய் கிளாஸை மாற்றி வைக்கலாம், கேம்ப்பெல் குடித்துச் சாவான். இரண்டிலும் விஷம் கலக்கலாம், இரண்டு பேரும் போவார்கள். இரண்டையும் கொட்டிவிட்டால்தான் வேடிக்கை. குடிக்க ஒன்றும் இல்லையே என்று அவன் விட்டுவிடுவதில்லை, கர்னோவை வேறு இடத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய் வாளால் முடிக்கப் பார்க்கிறான். அங்கே நீங்கள் குறுக்கே விழுந்து கேம்ப்பெல்லை மயக்கவேண்டும், கர்னோவையும் மயக்கித் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு வெளியேறவேண்டும், வெளியே ரோந்து சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஒரு கொலையும் இல்லாமல், மூச்சுமுட்ட, ஒரு முழுக் கலவரம். பார்க்கவே கூடாது என்று ஆடுகிறவர்களில் எத்தனை பேர் இதைப் பார்த்திருப்பார்கள்?

இப்போது உங்கள் இரண்டாம் கட்சிக்காரர்களிடம் வருகிறேன். அவர்கள் பேச்சில் பாதி நியாயம், பாதி அவசரம். கேயாஸ் என்று ஒரு கணக்கு பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, உண்மைதான். நிறையப் பேரைக் கொன்றால் அடுத்தடுத்த மிஷன்களில் எலிகள் கூடுகின்றன, கொள்ளைநோய் முற்றிக் கண்ணில் ரத்தம் வழிய அலையும் வீப்பர்கள் கூடுகிறார்கள், காவலும் கூடுகிறது. நீங்கள் தங்கும் விடுதியில் பட்டத்து இளவரசியான சின்னப்பெண் எமிலி வரையும் படங்கள்கூட மாறிவிடுகின்றன. படகோட்டி சாமுவேல், கடைசி மிஷனில் உங்களைக் கரையில் இறக்கிவிட்டு, இவன் வந்துவிட்டான் என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வானத்தைப் பார்த்துச் சுடுகிறார். ஆனால் ஒரு ஆளைக்கூடத் தொடக்கூடாது என்று கேம் எங்கேயும் சொல்லவில்லை. அங்கங்கே சிலரைக் கொன்றுவிட்டுக் குறைந்த கேயாஸிலேயே தாராளமாக முடிக்கலாம். தவிர, அதிக கேயாஸ் எப்படித் தண்டனை ஆகும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கடைசித் தீவு புயலும் மழையுமாக இருக்கும், உங்களுக்குத் துரோகம் செய்த கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் கடித்துக்குதறிக்கொண்டிருப்பார்கள், நீங்கள் நடுவில் போய் இறங்குவீர்கள். நல்ல பிள்ளையாக ஆடினால் அதே தீவில் வெயில் அடிக்கிறது. கேமாகப் பார்த்தால் புயல்தான் சுவாரசியம்.

நியாயமான பாதி எது என்றால் ஆயுதப் பட்டியல். கொல்ல ஆசைப்படுகிறவனுக்கு வாள், கைத்துப்பாக்கி, கையெறிகுண்டு, ஸ்ப்ரிங் ரேஸர் கண்ணி, தீ அம்பு, எலிக்கூட்டம், எதிரியின் மின்சாரச் சுவரையே வயரை மாற்றி அவர்கள்மேல் திருப்பிவிடும் கருவி. கொல்லாதவனுக்குப் பின்னாலிருந்து கழுத்தைப் பிடிப்பது, இல்லாவிட்டால் மயக்க அம்பு. அவ்வளவுதான். அந்த மயக்க அம்பும் சண்டையில் இருப்பவன்மேல் உடனே வேலை செய்யாது, அதற்குத் தனி அப்கிரேட் வாங்கவேண்டும். ஆகவே கொல்லாமல் ஆடுகிறவன் மாட்டிக்கொண்டால் அவன் கையில் ஒன்றும் இருப்பதில்லை, ஓடவேண்டும் அல்லது லோடு போடவேண்டும். ஓடுவதும் நன்றாகத்தான் இருக்கும், ப்ளிங்க் போட்டுக் கூரைக்குத் தாவி, கீழே அவர்கள் தேடித் தேடி அலுத்துப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் கேம் அதற்காக ஒரு தட்டுக்கூடத் தட்டிக்கொடுப்பதில்லை. உங்கள் களைப்பில் பெரும்பங்கு இங்கிருந்து வருகிறது, அது உங்கள் தப்பில்லை.

மிச்சத்துக்குக் காரணம் மிஷன் முடிந்ததும் வரும் அந்தப் பட்டியல். எத்தனை பேரைக் கொன்றீர்கள், எத்தனை முறை அலாரம் அடித்தது, மயங்கிக் கிடந்த உடம்பு யார் கண்ணிலாவது பட்டதா என்று பரீட்சை மார்க் மாதிரி வரிசையாக நிற்கும். அதில் பூஜ்யங்களைப் பார்த்துவிட்டவனுக்கு அப்புறம் வேறு எதிலும் மனம் போகாது. பலர் திட்டும் கேயாஸைவிட இந்தப் பட்டியல்தான் கேமைக் கெடுத்தது என்பேன். கேயாஸாவது கதையோடு ஒட்டியிருக்கிறது.

கொல்லாதே என்று சொல்ல இதைவிட நேர்மையான வழிகள் இருந்திருக்கின்றன. 1998இல் வந்த திஃப், எக்ஸ்பர்ட் லெவலில் மனிதர்களைக் கொன்றால் மிஷன் தோல்வி என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டது. தொழில்முறைத் திருடன் கொலை செய்யமாட்டான், முடிந்தது பேச்சு. 2004இல் மெட்டல் கியர் சாலிட் 3, நீங்கள் கொன்றவர்களையெல்லாம் ஓர் ஆற்றில் ஆவிகளாக எதிரே நடக்கவிட்டது. நிறையக் கொன்றவனுக்கு அந்த ஆறு நீண்டுகொண்டே போகும், கொல்லாதவன் சட்டென்று கடந்துவிடுவான். 2015இல் வந்த ஐந்தாம் பாகத்தில் நீங்கள் தலையிலேயே சுட்டுக்கொண்டிருந்தால் எதிரிகள் ஹெல்மெட் போட ஆரம்பிப்பார்கள், இரவிலேயே வந்துகொண்டிருந்தால் நைட் விஷன் மாட்டிக்கொள்வார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்த ஏற்பாடு. நல்லது கெட்டது பேசாமல், உங்கள் பழக்கத்தைக் கவனித்து அதற்கு ஏற்றமாதிரி கேம் நடந்துகொள்கிறது.

டிஸானர்டிலும் இதற்குச் சமமாக ஒன்று உண்டு, பலர் சரியாகக் கவனிப்பதில்லை. நீங்கள் கையில் வைத்திருக்கும் அந்தப் பேசும் இதயம். பவர் வாங்க உதவும் ரூன்களைத் தேடுவதற்கு மட்டும் அதை எடுத்துவிட்டு உள்ளே வைத்துவிடுகிறார்கள். அதை ஒரு காவலனை நோக்கிப் பிடித்து அழுத்தினால் அவனைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லும். கேட்டுவிட்டு அவனை வெட்டுவதும் கேட்காமல் வெட்டுவதும் வேறு வேறு. சிலரைப் பற்றிக் கேட்டபிறகு கை தானாகக் கத்திக்குப் போகும், அதுவும் உண்டு.

கொல்லாத வழி எப்போதும் நல்ல வழி என்று நினைப்பவர்களுக்காக இன்னொன்று. லேடி பாயில் விருந்து மிஷன் பலருக்கும் பிடித்தது, எனக்கும்தான். முகமூடி விருந்து என்பதால் ஊரே தேடும் ஆளான நீங்கள் உங்கள் முகமூடியோடேயே உள்ளே போகலாம், வாசல் புத்தகத்தில் சொந்தப் பெயரைக் கையெழுத்துப் போடலாம், மூன்று சகோதரிகளில் யார் குறி என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஆனால் அவளைக் கொல்லாமல் விடும் வழி என்ன? மயக்கி, அவளை விரும்புவதாகச் சொல்லும் ஒருவனிடம் ஒப்படைத்துப் படகில் ஏற்றி அனுப்புவது. அதற்கு உங்கள் கணக்கில் பூஜ்யம் கொலை! வந்த நாளிலிருந்து பலர் இதைச் சுட்டிக்காட்டித் திட்டியிருக்கிறார்கள், திட்டவேண்டியதுதான்.

எட்டிப்பார்ப்பது பற்றிய குறை பழையது, சட்டென்று சொல்லிவிடுகிறேன். சுவரோரம் நின்று தலையை மட்டும் நீட்டினால் எதிரே நிற்பவனுக்கும் தெரியாது என்பதைப் பலர் கிண்டல் செய்கிறார்கள். கிண்டலுக்கு உரியதுதான். ஆனால் இந்த கேமில் திஃப் மாதிரி இருட்டு உங்களை மறைக்காது, எதன் பின்னால் நிற்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. அதற்கு ஈடாக இந்தச் சலுகையைக் கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு நான் விட்டுவிட்டேன்.

சேவ் விஷயத்தில் எல்லாரையும் திருப்திப்படுத்திய கேம் எதுவும் இல்லை. 2016இல் வந்த ஷேடோ டாக்டிக்ஸ், சேவ் போட்டு எவ்வளவு நேரமாயிற்று என்று திரையிலேயே காட்டி நினைவூட்டும். லோடு போட்டுப் போட்டு ஆடுவதுதான் அந்த ஆட்டம் என்று அவர்களே ஒப்புக்கொண்டு அதை ஒழுங்காகச் செய்தார்கள். ஆர்கேன் 2021இல் டெத்லூப்பில் நேர் எதிர்ப்பக்கம் போனது. நடுவில் சேவ் கிடையாது, செத்தால் இரண்டு முறை எழுப்பிவிடும், அப்புறம் அன்றைய நாள் முதலிலிருந்து. எனக்கு அது சரியான முடிவாகப் பட்டது. நடுவில் நிறுத்திவிட்டு எழுந்துபோக முடியவில்லை என்று கோபப்பட்டவர்கள் நிறைய, அவர்கள் கோபமும் புரிகிறது, வேலைக்குப் போகிறவன் எப்போது ஆடுவது?

இரண்டாம் பாகம் வாங்கலாமா என்றால், வாங்குங்கள். 2016இல் வந்தபோது பிசியில் திக்கித் திணறியது, அப்புறம் பேட்ச் போட்டுச் சரிசெய்தார்கள். முதல் பாகத்தில் நான் குறை சொன்ன ஆயுதப் பட்டியலை இதில் நிறையவே திருத்தியிருக்கிறார்கள். மேலிருந்து குதித்துக் கொல்லாமல் மயக்கலாம், வாள் சண்டைக்கு நடுவிலேயே எதிரியை மடக்கி மயக்கலாம், அருகில் வந்தால் மயங்கவைக்கும் கண்ணி உண்டு. அதாவது மாட்டிக்கொண்ட பிறகும் உங்கள் கொள்கைப்படி ஆடமுடியும். இலவச அப்டேட்டில் இஷ்டப்படி சேவ் போடுவதை முடக்கிவைக்கும் அயர்ன் மோடும் வந்தது. அதை முதல் தடவையே போடாதீர்கள், வெறுத்துப்போவீர்கள். குயிக் சேவ் மட்டும் போடாமல், ஆட்டோ சேவ் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள். செத்தால் மட்டும் லோடு.

இதில் வளர்ந்துவிட்ட எமிலியை எடுத்து ஆடுங்கள், டொமினோ பவரைச் சீக்கிரம் வாங்குங்கள். நாலு பேரைக் கோத்துவிட்டு ஒருவனை மயக்கினால் நாலு பேரும் சரிவார்கள், உங்களைப் பார்த்துவிட்டுக் கூட்டமாக ஓடிவருகிறவர்களுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. இயந்திரங்கள் செய்யும் ஜிண்டோஷின் இயந்திர மாளிகைக்கு வரும்போது, சுவர்களுக்குப் பின்னாலேயே நழுவி அவனுக்குத் தெரியாமலேயே முடிக்கலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், உங்களுக்குக் கை அரிக்கும். அது அடுத்த தடவைக்கு இருக்கட்டும். நெம்புகோலை இழுத்து, அறையே புரண்டு மாறுவதைப் பார்த்து, அந்தக் கடிகார வீரர்களோடு மோதுங்கள். அவை இயந்திரம் என்பதால் உடைத்தாலும் கேயாஸ் கணக்கில் வராது. முதலில் தலையை வெட்டுங்கள், கண் போய்விட்டால் யார் எவர் என்று தெரியாமல் அருகில் இருக்கும் எல்லாரையும் தாக்கும், அதனால் வெட்டியவுடன் தள்ளி நில்லுங்கள்.