அந்தக் கடிதம் யாருடையது?

கேள்வி: எனக்குத் திருமணமாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. கணவர் கோவையில் பம்ப்செட் கம்பெனியில் டிசைன் இன்ஜினீயர். அவருக்கு ஆட்டிசம் இருப்பது சென்ற ஆண்டுதான் மருத்துவர் சொல்லித் தெரிந்தது. ‘கேஸ் தீர்ந்துவிட்டதுங்க’ என்றால், ‘சரி’ என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்துகொள்வார். தை மாதம் காங்கேயத்தில் என் தம்பி கல்யாணம். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளுக்குச் செய்யும் இணைச்சீர் எனக்கு நடந்துகொண்டிருந்த நேரத்தில் எழுந்து போய்க் காருக்குள் உட்கார்ந்துவிட்டார். ‘மாப்பிள்ளை எங்கே?’ என்று கேட்காத ஆள் இல்லை. ராத்திரி ஆத்திரத்தில் எல்லாவற்றையும் ஒரு ஏஐ செயலியிடம் கொட்டினேன். ‘கணவர் உங்களைப் புறக்கணிக்கிறார், உங்கள் நலனை முதலில் பாருங்கள்’ என்றது. மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் அவரிடமிருந்து நீளமான மன்னிப்புக் கடிதம். ‘உன் உணர்வுகளின் ஆழத்தை மதிக்கிறேன்’ என்றெல்லாம் இருந்தது. கேட்டால், சாட்ஜிபிடி எழுதியது என்கிறார். மனசே விட்டுப்போயிற்று. மாதம் ஒரு முறை போகும் கவுன்சலிங்கும் இனி வேண்டாம், இந்தச் செயலியே போதும் என்று வேறு சொல்கிறார். நான் என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அவிநாசி

பதில்: அம்மணி, இணைச்சீர் நேரத்தில் கட்டியவர் மண்டபத்தில் இல்லையென்றால் கூடப்பிறந்தவளுக்கு எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியும். உங்கள் வருத்தம் நியாயமானது.

ஆனால் அந்தக் கடிதத்தை ஏமாற்று வேலை என்று முடிவு கட்டாதீர்கள். மனதில் ஓடுவது கோபமா, பயமா, வருத்தமா என்று பிரித்துச் சொல்வதே ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கடினம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்களுக்கு உணர்வு நிறையவே உண்டு, சொல்தான் உடனே வராது. மேளமும் ஒலிபெருக்கியும் கூட்டத்தின் இரைச்சலும் ஒன்றுசேரும்போது பலருக்கு அது உடம்பு வலிக்கும் அளவுக்குப் போய்விடும். உங்கள் கணவரும் அதைத் தாங்க முடியாமல்தான் காருக்குப் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

அவரிடம் ஒன்று கேளுங்கள்: ‘இந்தக் கடிதத்தை வாங்குவதற்கு அதில் என்ன எழுதினீர்கள்? காட்டுங்கள்.’ ‘நான் காருக்குப் போனதால் மனைவி அழுகிறாள். என்ன சொன்னால் சரியாகும்?’ என்பதுபோல இரண்டு வரி இருக்கலாம். மெருகு இருக்காது, எழுத்துப்பிழைகூட இருக்கும். என்னைக் கேட்டால், அவர் உங்களுக்கு எழுதிய கடிதம் அந்த இரண்டு வரிதான்.

உங்களுக்குக் கிடைத்த பதிலுக்கு வருகிறேன். அது ஒரு தரப்பை மட்டும் கேட்டுச் சொன்ன தீர்ப்பு. பேசுகிறவர் பக்கமே சாய்வது இந்தச் செயலிகளின் தெரிந்த குறை. அளவுக்கு மீறி ஒத்து ஊதுகிறது என்று 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனமே சாட்ஜிபிடியில் செய்த ஒரு மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. அன்று ராத்திரி உங்கள் கணவர் தன் பக்கத்தைச் சொல்லிப் புலம்பியிருந்தால், அவருக்கும் அதே மாதிரி ஆறுதல் கிடைத்திருக்கும்.

பிரிட்டனைச் சேர்ந்த டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், தானும் ஆட்டிசம் உள்ளவர், 2012-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்கிறோமே, மற்றவர்களுக்கும் அவரைப் புரிவதில்லை, சிக்கல் இருவருக்கும் நடுவில் இருக்கிறது என்றார். உங்கள் வீட்டில் எட்டு ஆண்டுகளாக நடப்பது இதுதான். ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து தனித்தனியாகச் செயலியிடம் பேசினால், நடுவில் இருப்பது அப்படியேதான் இருக்கும். ஆகவே சண்டை போட்ட ராத்திரியில் அதைத் திறப்பதை இரண்டு பேருமே விட்டுவிடுங்கள்.

அடுத்த விசேஷத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து திறங்கள். முகூர்த்தம் எத்தனை மணிக்கு, எந்தச் சீருக்கு அவர் கட்டாயம் இருக்க வேண்டும், மேளத்திலிருந்து தள்ளி எங்கே உட்காரலாம், எப்போது வெளியே போய்வரலாம் என்று சொல்லி வரிசைப்படுத்தித் தரச் சொல்லுங்கள். இதற்கு அது நன்றாக உதவும். நம் சீர்முறையில் அது தப்பும் தவறுமாகச் சொல்லக்கூடும், சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். கேஸ் விஷயத்துக்குச் செயலியே வேண்டாம். ‘இன்று சாயந்திரத்துக்குள் சிலிண்டர் பதிவு செய்துவிடுங்கள்’ என்று நேராகச் சொல்லுங்கள். நாம் ஜாடையாகச் சொல்லியே பழகியவர்கள். ‘தீர்ந்துவிட்டது’ என்பது அவருக்கு வெறும் தகவல், அதனால்தான் ‘சரி’ என்கிறார்.

கவுன்சலிங்கை மட்டும் நிறுத்தாதீர்கள். நீங்கள் பேசப் பேச அவர் விரல் நாற்காலிக் கையைத் தட்ட ஆரம்பிப்பதை ஆலோசகர் பார்ப்பார். உடனே உங்களை நிறுத்தி, ‘இப்போது என்ன ஆகிறது?’ என்று அவரைக் கேட்பார். எழுதிக் கொடுத்ததை மட்டும் படிக்கிற செயலிக்கு அந்த விரல் தெரியாது. ஆலோசகருக்கு ரகசியம் காக்கும் கடமையும் உண்டு. செயலியில் அந்தக் காப்பு இல்லாததால், கணவர் பெயரையும் மருத்துவ அறிக்கையையும் அதில் ஏற்றாதீர்கள். அவர் சம்மதித்தால், அவர் எழுதிய வரிகளையும் நீங்கள் அன்று கொட்டியதையும் அடுத்த சந்திப்புக்கு எடுத்துப் போங்கள், பேச நிறைய இருக்கும். இடையில் ஒரு ராத்திரி மனம் தாங்காமல் போனால், 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

சொந்தபந்தங்களுக்கு ஆட்டிசம் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பதைக் கணவரே முடிவு செய்யட்டும். அதுவரை, யார் கேட்டாலும் ‘அவருக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாதுங்க, கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார்’ என்று நீங்கள் தலைநிமிர்ந்து சொன்னால் போதும்.