விற்ற வண்டிக்கு அப்பா ஏன் காபி வாங்கித் தர வேண்டும்?

கேள்வி: மன்னார்குடியில் அப்பாவும் நானும் பழைய கார் வாங்கி விற்கிறோம். ஷெட்டில் இப்போது 12 வண்டி நிற்கிறது. நான்கு வருஷத்துக்கு முன் நண்பன் செய்து கொடுத்த வெப்சைட் பழசாகத் தெரிகிறது. 31 வண்டி ஏற்றியிருந்தும் வியாபாரம் சுமார்தான். புதிதாகச் செய்ய தஞ்சாவூரில் ஒருவர் 60,000 ரூபாய் கேட்கிறார், என்னிடம் 15,000தான் இருக்கிறது. சைட்டில் இருப்பது அப்பாவின் நம்பர். விற்ற வண்டியைக் கேட்டே போன் வருகிறது. போன வாரம் வேதாரண்யத்திலிருந்து ஒருவர் ஸ்விஃப்ட் பார்க்கக் குடும்பத்தோடு நேரிலேயே வந்துவிட்டார். அது தீபாவளிக்கே போன வண்டி. அப்பாதான் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். இந்த வீண் போன்களுக்குத் தானாகப் பதில் போகும்படி செய்யலாமா? குறைந்த செலவில் சைட்டை எப்படி அழகாக்குவது?

பதில்: தம்பி, 31-இல் 12 போனால் 19. உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் போட்ட கணக்கு அதுதான். ஷெட்டில் இல்லாத பத்தொன்பது வண்டிகளை ஊருக்குக் காட்டிவிட்டு, அதை நம்பிக் கூப்பிடுகிறவர்களின் போனை வீண் போன் என்கிறீர்கள். அழகைப் பற்றி அப்புறம் பேசலாம். எனக்கு அந்தக் காபியைத் தாண்டிப் போக முடியவில்லை.

வேதாரண்யத்துக்காரர் திருத்துறைப்பூண்டி வழியாக வந்து சேர்வதற்குள் பாதி நாள் போயிருக்கும். குடும்பத்தோடு வந்தார் என்றால் சும்மா பார்க்க வரவில்லை. முடிந்தால் அன்றே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ராஜகோபாலசுவாமியையும் கும்பிட்டுத் திரும்பலாம் என்று கிளம்பியிருப்பார்கள். அவர்கள் முன்னால் உங்கள் அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறார். தப்பு உங்களுடையது, தலைகுனிவு அவருடையது. அதை ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் தானாகப் பதில் சொல்லும் வசதி கேட்கிறீர்கள்! உங்கள் கடையில் ஒழுங்காக நடந்த ஒரே காரியம் அந்தக் காபிதான் தம்பி. அதையும் மிஷினிடம் கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

என் தாத்தா விதைநெல் விற்றவர். திண்ணையில் மாதிரிக்கு ஒவ்வொரு ரகத்திலும் ஒரு சிறு மூட்டை பிரித்து வைத்திருப்பார். ஒரு ரகம் தீர்ந்தால் அன்று சாயங்காலமே அந்த மூட்டை உள்ளே போய்விடும். திண்ணை காலியாகத் தெரிகிறதே என்று பாட்டி சொன்னால், 'இல்லாததைப் பார்த்து ஒருத்தன் வண்டி கட்டிக்கொண்டு வரக்கூடாது' என்பார். நீங்கள் கடை நிறைவாகத் தெரியட்டும் என்று பத்தொன்பதையும் விட்டு வைத்திருக்கிறீர்கள் என்பது என் ஊகம். சோம்பல் என்றால் அதைவிட மோசம்.

இன்று ராத்திரி அந்தப் பத்தொன்பதையும் எடுங்கள். காசு செலவே இல்லை. இனிமேல் அட்வான்ஸ் வாங்கியதும் 'அட்வான்ஸ் வாங்கியாச்சு' என்று போடுங்கள், சாவி கொடுத்த அன்றே அந்த வண்டியைச் சைட்டிலிருந்து இறக்குங்கள். அடுத்த ஒரு மாதத்துக்கு அப்பாவின் நம்பரை எடுத்துவிட்டு உங்கள் நம்பரைப் போடுங்கள். விற்ற வண்டியைக் கேட்டு வரும் திட்டை நீங்களே வாங்கினால்தான் கை சுறுசுறுப்பாகும்.

மிச்சமிருக்கும் பன்னிரண்டு வண்டிக்கு வருவோம். விலை போடாமல் 'விலைக்கு அழைக்கவும்' என்று எழுதியிருந்தால் அதை முதலில் அழியுங்கள். எந்த வருஷ வண்டி, எத்தனாவது ஓனர், எத்தனை கிலோமீட்டர், இன்ஷூரன்ஸ் எதுவரை, ஆர்சியில் பைனான்ஸ் கழிந்ததா, டயர் எப்படி, எங்கே இடி வாங்கியது, எல்லாம் தமிழில் இருக்கட்டும். சென்னைப் பதிவு வண்டி என்றாலே 2015 டிசம்பரிலோ 2023 டிசம்பரிலோ வெள்ளத்தில் நின்றதோ என்று நம் ஆட்கள் சந்தேகப்படுவார்கள். சீட்டுக்கு அடியில், கார்ப்பெட்டைத் தூக்கி, சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் படம் எடுத்துப் போடுங்கள். ஓர் எழுத்துகூட எழுத வேண்டியதில்லை, அங்கே சேற்றுக் கறை இல்லை என்று பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும். டிஎன் 50 (திருவாரூர்), டிஎன் 49 (தஞ்சாவூர்) பதிவு வண்டியாக இருந்தால் அதையும் பெரிதாகப் போடுங்கள். உள்ளூரில் ஓடிய வண்டிக்கு இங்கே மதிப்பு அதிகம்.

படங்களைக் காலை வெயிலில், வண்டியைக் கழுவி எடுங்கள். போனில் எடுத்த படம் ஒன்றே மூன்று நான்கு எம்பி வரும். அப்படியே பத்துப் படம் ஏற்றினால், சிக்னல் தடுமாறும் கிராமத்தில் பக்கம் திறப்பதற்குள் ஆள் வேறு கடைக்குப் போய்விடுவார். இலவசமாகப் படத்தைச் சுருக்கித் தரும் செயலிகள் நிறைய உண்டு. ஒவ்வொன்றையும் 200 கேபிக்குள் கொண்டுவாருங்கள்.

அறுபதாயிரம் வேண்டாம். கூகுள் மேப்பில் கடையைப் பதிந்து நேரம், படம், வழி போடுவதற்குக் காசு கிடையாது. வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் போடுவதும் இலவசம். சைட்டை எளிமையாகத் திருத்தி, வண்டிக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு வாட்ஸ்அப் பட்டன் வைக்க உங்கள் பதினைந்தாயிரத்தில் பாதியே போதும். ஆனால் ஒன்று: டொமைன், அதாவது சைட்டின் முகவரி, யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நண்பன் பெயரில் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றி, பாஸ்வேர்டை அப்பாவின் நோட்டிலும் எழுதி வையுங்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வாங்கியிருந்தால் அந்த எண்ணை முதல் பக்கத்திலேயே போடுங்கள். வாங்கவில்லை என்றால் சைட்டை விட்டுவிட்டு முதலில் ஆர்டிஓ ஆபீசுக்குப் போங்கள்.

தையில் சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்துப் பணம் கையில் வந்ததும் டெல்டாவில் வண்டி தேடுவார்கள். அதற்குள் இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

அந்த வேதாரண்யத்துக்காரர் நம்பரை அப்பா வாங்கி வைத்திருப்பார். வெறும் காபியோடு அனுப்புகிற தலைமுறை இல்லை அது. அடுத்த ஸ்விஃப்ட் வந்தால் சைட்டில் ஏற்றுமுன் அவரைக் கூப்பிடுங்கள். அப்பாவிடம் போனை நீட்டாமல் நீங்களே பேசுங்கள்.